பிரசன்னாவா? வெங்கட்டா?

இன்றைக்குக் கணக்கும் இல்லை, கோயிலும் இல்லை. கிரிக்கெட். பிடிக்காதவர்கள் சத்தமில்லாமல் பின்பக்கமாக எழுந்து போகலாம், பேர் எழுதிக்கொள்ள மாட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1974 டிசம்பர். டெல்லியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட். கேப்டன் பட்டோடிக்குக் காயம். அதனால் நம் சென்னை வெங்கட்ராகவன் கேப்டன். விவியன் ரிச்சர்ட்ஸ் என்ற புதுப் பையன் ஆட்டமிழக்காமல் 192 அடித்தான், நாம் இன்னிங்ஸ் தோல்வி. அதே மாதக் கடைசியில் கல்கத்தாவில் மூன்றாவது டெஸ்ட். பட்டோடி திரும்பி வந்துவிட்டார். வெங்கட் என்ன ஆனார்? பன்னிரண்டாவது ஆள். போன ஆட்டத்தில் டாஸ் போட்ட மனிதர் இந்த ஆட்டத்தில் தண்ணீர் கொண்டுபோனார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. மேல வீதியில் எங்கள் வாடகை வீட்டுத் தாழ்வாரத்தில் மர்பி ரேடியோ. ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் மாமா, நடுவில் ஸ்கோர் நோட்டுடன் நான். மாமா அம்மாவுக்குத் தம்பி. பெங்களூரில் ஒரு பொதுத்துறை ஆலையில் வேலை. ஆருத்ரா தரிசனத்துக்கு வருஷா வருஷம் லீவு போட்டு வந்துவிடுவார். மார்கழியும் டெஸ்ட் மேட்சும் ஒன்றாக வருவது அவருடைய பக்திக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது என்று அம்மா சொல்வார்.

மாமா பிரசன்னா கட்சி. அண்ணன் வெங்கட் கட்சி. இந்த இருவரில் யார் ஆட வேண்டும் என்ற சண்டை எங்கள் வீட்டில் பத்து வருஷம் நடந்தது. இளைய தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் புதிதாக இருக்கலாம், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எரப்பள்ளி பிரசன்னா, பெங்களூர், 1940-இல் பிறந்தவர். வெங்கட்ராகவன், சென்னை, 1945. இருவருமே ஆஃப் ஸ்பின். இருவருமே என்ஜினியர்கள். பிரசன்னா 1962-இல் இந்தியாவுக்கு ஆடிவிட்டு, படிப்பை முடிக்க வேண்டும் என்று ஏறத்தாழ ஐந்து வருஷம் டெஸ்ட் பக்கமே வரவில்லை. மைசூரில் படிப்பை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். வெங்கட் கிண்டிக் கல்லூரி. (பின்னாளில் அஸ்வினும் பொறியியல் படித்தவர்தான். "விளையாடினா படிப்பு கெட்டுப்போயிடும் டீச்சர்" என்று என்னிடம் வந்து நின்ற பெற்றோர்களுக்கெல்லாம் இந்த மூன்று பேரையும் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை.)

பிரசன்னா இல்லாத அந்த இடைவெளியில்தான் வெங்கட் வந்தார். 1965-இல், பத்தொன்பது வயதில், நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் முதல் டெஸ்ட். அதே தொடரில் டெல்லியில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், ஆட்டம் முழுவதும் சேர்த்து 12. இப்படி ஒரு பையன் வந்தபிறகு அந்த இடம் அவனுக்குத்தானே? அண்ணனின் வாதம் எப்போதும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஆனால் 1967 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பிரசன்னா திரும்பி வந்தார். வெங்கட்டின் சொந்த ஊரில், அந்த ஆட்டத்தில் வெங்கட் இல்லை. அண்ணனுக்கு அன்றைக்கு ஏற்பட்ட காயம் இன்னும் ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ரகப் பந்து, இரண்டு விதமான மனிதர்கள். மாமா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து எங்களுக்கு விளக்குவார். பிரசன்னா பந்தை மேலே தூக்கிப் போடுவார். மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலே போய் இறங்கும். "அடிச்சிடலாம்" என்று இறங்கி வருவார். பந்து அவர் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்துவிடும். அப்புறம் ஸ்டம்பிங் ஆகலாம், கேட்ச் ஆகலாம், அது அவரவர் விதி. இந்த வித்தையில் ஆபத்தும் உண்டு. கணக்குத் தப்பினால் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழும்.

வெங்கட் தட்டையாக, கொஞ்சம் வேகமாக, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். அடிக்க இடம் கொடுக்க மாட்டார். பொறுமை இழந்து மட்டையாளரே தப்புச் செய்ய வேண்டும். அதோடு ஸ்லிப்பிலும் கல்லியிலும் நின்றால் அவர் கையிலிருந்து பந்து நழுவாது.

கேப்டனுக்குக் கேப்டன் ருசி மாறும். பட்டோடிக்குப் பிரசன்னாவைப் பிடிக்கும். ரன் போனாலும் பரவாயில்லை, விக்கெட் வேண்டும் என்று நினைக்கிற கேப்டன் அவர். 1967-68 சுற்றுப்பயணத்தில் பிரசன்னா ஆஸ்திரேலியாவில் 25 விக்கெட், நியூசிலாந்தில் 24 விக்கெட் எடுத்தார். வெளிநாட்டில் இந்தியா முதல் தொடரை வென்றது அந்த நியூசிலாந்துப் பயணத்தில்தான். 1969-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை 24 ரன்னுக்கு 6 விக்கெட் என்று நிறுத்தினோம். அந்த இன்னிங்ஸில் பிரசன்னாவுக்கு 6 விக்கெட். அந்த ஆட்டத்தில் வெங்கட்டும் ஆடினார், முதல் இன்னிங்ஸில் அவருக்கு 4. இருவரும் சேர்ந்து ஆடினால் என்ன என்று நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டேன். "நீ ஸ்கோர எழுது" என்றார்கள் இருவரும். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அதே 1969-இல் பம்பாயில் நடந்தது விசித்திரம். முதல் டெஸ்டுக்கு வெங்கட்டை எடுக்கவில்லை. வங்காள வேகப்பந்து வீச்சாளர் சுப்ரதா குஹாவை எடுத்தார்கள். பத்திரிகைகளும் ஜனங்களும் கூச்சல் போட்டதில் குஹா விலகிக்கொள்ள, வெங்கட் உள்ளே வந்தார். அந்த ஆட்டத்திலேயே வெங்கட்டுக்குக் கொடுத்த ஒரு அவுட் தீர்ப்பினால் பிராபோர்ன் மைதானத்தில் கலவரம், தீ வைப்பு. குஹாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது. எடுத்தபிறகு விலகிப்போகச் சொன்னால் ஒரு பையனின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அவர் பெயரை யாரும் இப்போது சொல்வதுகூட இல்லை.

இப்போது 1971-க்கு வருகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. கேப்டன் மாறி வடேகர் வந்தார். வெங்கட் துணைக் கேப்டன். வெஸ்ட் இண்டீஸில் வெங்கட்டுக்கு 22 விக்கெட். அந்த நாட்டை முதன்முறையாக நாம் தோற்கடித்த போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட். அடுத்து இங்கிலாந்து. மூன்று டெஸ்டிலும் வெங்கட். பிரசன்னா ஒன்றில்கூட ஆடவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஆஃப் ஸ்பின்னர் என்று பலர் சொன்ன மனிதர் கோடைக்காலம் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தார்.

ஓவல் வெற்றி உங்களில் பலருக்குத் தெரியும். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட். பிள்ளையார் சதுர்த்தி சமயம், மைதானத்துக்கு யானையைக் கொண்டுவந்தார்கள். ஆலன் நாட்டை ஏக்நாத் சோல்கர் பாய்ந்து பிடித்த அந்தப் பிரசித்தி பெற்ற கேட்ச் வெங்கட்டின் பந்தில்தான். அண்ணன் அன்றைக்குத் தெருவில் இறங்கி எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

மாமாவிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. வாழ்த்து ஒரு வரி, மீதியெல்லாம் வழக்கு. பந்துவீச்சாளனைப் பந்துவீச்சுக்காக எடுக்க வேண்டும், கேட்ச் பிடிக்கிறான், கொஞ்சம் பேட் பிடிக்கிறான் என்பதற்காக அல்ல என்பது அவர் கட்சி. அண்ணன் அதற்கு நான்கு பக்கம் பதில் எழுதினார். ஒரு ஆட்டக்காரன் என்றால் முழு ஆட்டக்காரன், ஃபீல்டிங், பேட்டிங், ரன் கட்டுப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு என்றார். "அணிக்கு என்ன தேவையோ அதைத்தான் பார்க்க வேண்டும்" என்ற வரியை அடிக்கோடிட்டிருந்தார். அஞ்சல் பெட்டியில் போட்டது நான்தான், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வரியை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இருவரின் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தபின் நின்ற எண்கள் இவை. பிரசன்னா 49 டெஸ்ட், 189 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குச் சுமார் 30 ரன். வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட், ஒரு விக்கெட்டுக்கு 36 ரன். பந்துவீச்சில் மாமா சொன்னது சரி. பேட்டிங்? வெங்கட் 748 ரன், பிரசன்னா 735 ரன். சராசரி இருவருக்கும் பதினொன்று சொச்சம். "வெங்கட் பேட்டிங்கும் செய்வார்" என்று பத்து வருஷம் அண்ணன் சொன்னதில் அரை ரன் வித்தியாசம்கூட இல்லை! ஆனால் கேட்ச்? வெங்கட் 44, பிரசன்னா 18. இது பெரிய வித்தியாசம். சுழல் பந்தில் ஜெயிக்கிற அணிக்கு, பக்கத்தில் நின்று பிடிக்கிறவர் பந்து வீசுகிறவருக்குச் சமம். 1971-இல் வடேகர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். 22 விக்கெட் எடுத்து வந்தவரை அடுத்த பயணத்தில் எப்படி வெளியே வைப்பது?

1974-இல் கல்கத்தாவில் வெங்கட்டை வைத்த விதம் வேறு. பட்டோடி திரும்பி வந்தார், கூடவே பிரசன்னாவின் பந்தும். கல்கத்தாவில் ஜெயித்தோம். பொங்கலுக்குச் சேப்பாக்கத்திலும் 100 ரன்னில் ஜெயித்தோம். விஸ்வநாத்தின் 97 அந்த ஆட்டத்தில்தான், பிரசன்னாவுக்கு முதல் இன்னிங்ஸில் 5, அடுத்ததில் 4. மறுபடியும் சேப்பாக்கம், மறுபடியும் வெங்கட் இல்லை. முடிவு சரியாகத்தான் வந்தது, யாரும் வாய் திறக்க முடியவில்லை. ஆனாலும் தலைவராக நிறுத்தியவரை இரண்டே வாரத்தில் தண்ணீர் தூக்க வைத்தது மரியாதையா? மாமாவே அன்றைக்குத் தட்டில் இருந்த போண்டாவைத் தொடாமல், "இது சரியில்லப்பா" என்றார்.

வெங்கட்டுக்கு இது கடைசியும் அல்ல. 1979-இல் இங்கிலாந்து பயணத்துக்குக் கேப்டன் அவர்தான். ஊர் திரும்புகிற விமானத்தில், கவாஸ்கர் புதிய கேப்டன் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்ததைப் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து கேட்டார். அப்புறம் அவர் நடுவராகி 73 டெஸ்டுகளில் நின்றார். விரலைத் தூக்கும்போதும் தூக்காதபோதும் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அந்த முகத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விமானம்தான் நினைவுக்கு வரும்.

இத்தனையும் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், உங்களில் ஒரு பேட்ச்சின் வாட்சப் குழுவில் அஸ்வின்–ஜடேஜா பற்றி நடந்த சண்டையை ஒருவர் எனக்கு அனுப்பினார். படித்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நீங்கள். அதில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். "டீச்சர், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று கடைசியில் ஒருவர் என்னையும் இழுத்திருந்தார். சொல்கிறேன்.

கதை 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆரம்பிக்கிறது. அஸ்வின் அந்த டெஸ்டில் 42 ஓவர் போட்டும் ஒரு விக்கெட் இல்லை. அடுத்த டர்பன் டெஸ்டில் ஜடேஜா உள்ளே வந்து ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட். அதிலிருந்து, வெளிநாட்டில் ஒரே ஒரு சுழல் பந்துக்காரர் என்றால் யார் என்ற கேள்வி பதினோரு வருஷம் ஓடியது. உள்நாட்டில் கேள்வியே இல்லை. இரண்டு பக்கமும் இருவரும் போட்டால் எதிரணி மூன்று, நான்கு நாளில் மூட்டை கட்டிவிடும்.

2021 இங்கிலாந்து பயணம் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அஸ்வின் தொடருக்குச் சற்று முன்புதான் கவுண்டி ஆட்டத்தில் சர்ரே அணிக்காக ஓவலில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்திருந்தார். அந்தக் கோடையில் நடந்த நான்கு டெஸ்டிலும் அவர் வெளியே. நான்கிலும் ஜடேஜா. காரணம் என்ன சொன்னார்கள்? ஜடேஜா பேட்டிங் செய்வார், ஃபீல்டிங் செய்வார், ரன் கொடுக்க மாட்டார், அணிக்கு என்ன தேவையோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கேயோ கேட்ட வரி இல்லையா? அண்ணன் 1971-இல் அடிக்கோடிட்டு எழுதிய அதே வரி. அப்போது அந்த வரியால் நம் ஊர்க்காரர் உள்ளே இருந்தார், நமக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது அதே வரி நம் ஊர்க்காரரை வெளியே வைத்தது, சதி என்று தோன்றுகிறது. அண்ணனும் 2021-இல் எனக்குப் போன் போட்டுக் கத்தினார். "பவுலர பவுலிங்குக்குத்தான்டி எடுக்கணும்!" மாமா 1998-இலேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அந்த இன்லண்ட் லெட்டரைத் தேடி எடுத்திருப்பார்.

வாட்சப்பில் ஒருவர் "வடக்கத்திக்காரன் வேலை" என்று எழுதியிருந்தார். கண்ணு, பிரசன்னாவும் வெங்கட்டும் இருவருமே தென்மண்டலம். பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் எந்த வடக்கு இருக்கிறது? அப்போதும் இதே கோபம்தான் இருந்தது. அதற்கு எதிர்க்கட்சி, "ஜடேஜா நம்ம சிஎஸ்கே ஆளு, 2023 பைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சவர பேசாதீங்க" என்றது. அந்த நடுராத்திரியில் நம் கீழ வீதியில் வெடித்த பட்டாசு எனக்கும் கேட்டது. ஆனால் மஞ்சள் சட்டைக்கும் டெஸ்ட் அணித் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்? அவர் இப்போது ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். அவருடைய இடதுகைச் சுழலின் தரம் அதனால் குறைந்துவிட்டதா?

சரி, என் தீர்ப்பு. பிரசன்னா–வெங்கட் பேட்டிங்கில் வித்தியாசம் வெறும் பேச்சு. அஸ்வின்–ஜடேஜா பேட்டிங்கில் வித்தியாசம் நிஜம். அஸ்வின் ஆறு சதம் அடித்தவர்தான், ஆனால் சராசரி 25 சொச்சம். ஜடேஜாவுக்கு 35-க்கு மேல். பந்துவீச்சில் இருவரும் கிட்டத்தட்டச் சமம், அஸ்வின் ஒரு பிடி கூட. வேகப்பந்துக்கு உதவுகிற இங்கிலாந்து மண்ணில், சுழலுக்கு அதிக வேலை இல்லாத நாளில், பேட்டிங்கைப் பார்த்து ஜடேஜாவை எடுப்பது அபத்தமான முடிவு அல்ல. நான்கு டெஸ்ட் முடிவில் 2-1 என்று முன்னிலையிலும் இருந்தோம். நானாக இருந்தால் நான்கில் ஒன்றிலாவது, ஓவலிலாவது, இருவரையும் ஆட விட்டிருப்பேன். அதோடு விட்டுவிடுகிறேன்.

2023 ஜூன் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வேறு. அங்கே நான் விடமாட்டேன். மீண்டும் ஓவல். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளரை வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு திருத்தம்: அன்றைக்கு அஸ்வினின் இடத்தை எடுத்தது ஜடேஜா இல்லை, நான்காவது வேகப்பந்து வீச்சாளர். காலையில் மேகமூட்டம், ஆடுகளத்தில் பச்சை. சரி. ஆனால் டெஸ்ட் ஐந்து நாள். முதல் நாள் காலை மேகத்தைப் பார்த்து ஐந்து நாளுக்கும் அணி எடுப்பது, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டுச் சித்திரைக்கும் குடை வாங்குவது மாதிரி. எதிரே வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று இடக்கை ஆட்டக்காரர்கள் வரிசையாக. ஆஃப் ஸ்பின் இடக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும், விளிம்பில் படும். டெஸ்டில் 250-க்கும் மேற்பட்ட இடக்கை விக்கெட்டுகளை எடுத்தவர் அஸ்வின், வார்னரை மட்டும் 11 முறை. அவரை பால்கனியில் வைத்துவிட்டு ஹெட்டுக்கு 163 ரன் கொடுத்தோம். 209 ரன்னில் தோல்வி. அடுத்த மாதமே டொமினிக்காவில் அஸ்வின் ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். ஆடுகளம் வேறு, எதிரணி வேறு, ஒப்பிடக் கூடாது என்பீர்கள். ஒப்பிடவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் இருபது வருஷம் வினாடி வினா அணிக்குப் பொறுப்பு நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கடலூரில் மாவட்டப் போட்டி. ஒரு பள்ளிக்கு இரண்டு பேர். ஒவ்வொரு வருஷமும் முதல் ஆள் தானாக வந்துவிடும். இரண்டாவது ஆளுக்குத்தான் தூக்கம் கெடும். ஒரு பெண்ணுக்கு எல்லாம் தெரியும், ஆனால் மேடையில் மணி அடிக்கக் கை நடுங்கும். இன்னொரு பெண்ணுக்குப் பாதிதான் தெரியும், ஆனால் தெரிந்த பாதியைப் பட்டென்று சொல்லிவிடும். சில வருஷம் முதல் பெண்ணை எடுத்திருக்கிறேன், சில வருஷம் இரண்டாவது பெண்ணை. எந்தச் சுற்று எப்படி என்று பார்த்துத்தான். ஆனால் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன்னால், எடுக்காத பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுவேன். ஒரு பெண் அழுதுகொண்டே, "டீச்சர், அடுத்த வருஷம் எனக்கு மணி அடிக்கச் சொல்லிக் குடுங்க" என்றாள். இப்போது அவள் ஒரு அரசு மருத்துவமனையில் டாக்டர். இந்தப் பதிவையும் படிப்பாள், கமெண்டில் வந்து சண்டை போடுவாள்.

சண்டை போடுகிற உங்களைவிட அந்த இருவரும் இந்த விஷயத்தை நன்றாகத்தான் தாங்கிக்கொண்டார்கள். 2021 ஜனவரி, சிட்னி. ஜடேஜா முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட், ஸ்டீவ் ஸ்மித்தை நேரடியாக எறிந்து ரன் அவுட். பிறகு பேட்டிங்கில் கட்டைவிரல் முறிந்தது. கடைசி நாள் அஸ்வின் முதுகுவலியோடு குனிய முடியாமல் 128 பந்து நின்றார், ஹனுமா விஹாரி தசை பிடித்துக்கொண்ட காலோடு 161 பந்து. உடைந்த விரலோடு ஜடேஜா பேட் கட்டிக்கொண்டு உள்ளே தயாராக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் டிரா.

அப்புறம் 2024 செப்டம்பர், சேப்பாக்கம், பங்களாதேஷ். 144-க்கு 6 விக்கெட். அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து 199 ரன். அஸ்வின் 113, ஜடேஜா 86. களைத்துப்போன நேரத்தில் ஜடேஜாதான் துணையாக இருந்தார் என்று அஸ்வினே அன்றைக்கு மாலை சொன்னார். இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட் வேறு. வெங்கட்டுக்குச் சேப்பாக்கம் இரண்டு முறை கொடுக்காததை அஸ்வினுக்குக் கொடுத்தது என்று அண்ணன் போனில் சொன்னார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

அதிலிருந்து மூன்றே மாதம். ஆஸ்திரேலியாவில் பெர்த் டெஸ்டில் அஸ்வினும் இல்லை, ஜடேஜாவும் இல்லை. வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அவரும் சென்னைப் பையன்தான். அதற்கு முந்தைய மாதம் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக 11 விக்கெட் எடுத்திருந்தார், பேட்டிங்கும் உண்டு. அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று பேர். பிரிஸ்பேன் ஆட்டம் டிசம்பர் 18 அன்று மழையில் முடிந்தது. 106 டெஸ்ட், 537 விக்கெட்டோடு போதும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு அஸ்வின் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். வடக்கத்திச் சதி என்று எழுதிய கண்ணு, பெர்த்தில் அவர் இடத்தில் ஆடியவரின் ஊர் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

2025 கோடையில் மறுபடியும் இங்கிலாந்து. மான்செஸ்டரில் ஜடேஜாவும் வாஷிங்டனும் ஆட்டமிழக்காமல் ஆளுக்கொரு சதம் அடித்துத் தோல்வியைத் தடுத்தார்கள். விக்கெட் எடுக்கிற மணிக்கட்டுச் சுழல் குல்தீப் யாதவ் ஐந்து டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குப் போன் போட்டேன். எழுபத்தாறு வயசு, ஆனால் ஸ்கோர் விரல் நுனியில்.

"குல்தீப்ப எடுக்கணும் இல்லையாண்ணா? பவுலர பவுலிங்குக்குத்தான எடுக்கணும்?" என்றேன்.

"அது எப்படி? வாஷிங்டன் பேட்டிங்கும் செய்யறானே! டீமுக்கு என்ன தேவையோ அதத்தான பாக்கணும்" என்றார்.

"அப்ப அஸ்வினுக்கு மட்டும்..."

"அது வேற, இது வேற. வை போன."